கேரவனுக்கு நெற்றி எது?

என் மனைவி கோகிலா நெருப்பை நம்பமாட்டாள். என்னையும் நம்பமாட்டாள் என்பது வேறு விஷயம். நெருப்பை நம்பாததற்கு அவளிடம் நியாயமான காரணம் இருக்கிறது. கித்துல்கலைக்கு மேலே இருக்கிற எங்கள் ரப்பர் தோட்டத்தில், பத்தொன்பது வயதிலிருந்து முப்பத்தெட்டு வயது வரைக்கும் அவளுக்குப் புகைவீட்டில்தான் வேலை. ரப்பர் பாலை உறையவைத்து, உருளையில் கொடுத்துத் தகடாக்கி, கொடியில் துணி போடுவது போல வரிசையாகத் தொங்கவிட்டு, கீழே விறகைப் புகையவிட்டு நாலைந்து நாள் காயவைக்கிற இடம் அது. விறகு புகைய வேண்டும், எரியக் கூடாது. எரிந்தால் மேலே தொங்குகிற தகடு உருகிச் சொட்டும். சொட்டினால் கட்டடமே போய்விடும். ஆக, நெருப்பை மூட்டிவிட்டு அதை எரியவிடாமல் அடக்கி வைப்பதுதான் பத்தொன்பது வருஷம் அவள் செய்த உத்தியோகம். அப்படிப்பட்டவளோடு நான் இருபத்து நாலு வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறேன். புகைவதற்கு மேல் எனக்கும் அனுமதி கிடைத்ததில்லை.

நான் உதயராஜ். களனி கங்கைக் கரையில், ரப்பர் படகில் போகிற வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்குகிற ஒரு கேம்ப்பில் எடுபிடி வேலையெல்லாம் நான்தான். குழாய் உடைந்தாலும் நான், கரண்ட் போனாலும் நான். கரண்ட் வேலை எனக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. மூன்று தடவை ஷொக் அடித்தது, பிறகு வந்துவிட்டது. கேம்ப்பில் ஆறு கூடாரமும் ஒரு கேரவனும் இருந்தன. கேரவன் என்றால் காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போகிற சக்கர வீடு. கட்டில், குட்டி அடுப்பு, ஃப்ரிஜ், கூரையில் ஏசி, எல்லாம் அதற்குள்ளேயே உண்டு. முதலாளி றிஸாத் சேர் வெளிநாட்டிலிருந்து கப்பலில் இறக்கி, ஆற்றோரமாகக் கொண்டுவந்து நிறுத்தினார். அதைக் கூட்டித் துடைத்துப் பார்த்துக்கொள்ள ஆள் தேடியபோது, புகைவீட்டு வேலையை விட்டுவிட்டுக் கோகிலா வந்தாள். வந்த முதல் நாளே கேரவனின் நாலு பக்கமும் சுற்றிவந்து, நாலு சுவரையும் தட்டிப்பார்த்துவிட்டு, இது யாரோட சுவரும் இல்லையே என்றாள்.

லயம் என்கிற தோட்டத்து வரிசை வீட்டில் இருந்தவர்களுக்குத்தான் அந்தப் பேச்சு விளங்கும். எங்கள் லயம் பத்துக் காம்பரா, பத்துக் குடும்பம், ஒரே கூரை, நடுவில் ஒற்றைச் சுவர். அடுத்த காம்பராவில் குழந்தை தும்மினால் இந்தக் காம்பராவிலிருந்து ஆயுசு நூறு என்போம். நானும் கோகிலாவும் சண்டை பிடித்தால் மூன்றாவது காம்பராவிலிருந்து தீர்ப்பு வரும். புதிதாகக் கல்யாணமானவர்கள் பாடு சொல்லவே வேண்டாம். எங்கள் கல்யாணம் முடிந்த மறுநாள் காலையில் பைப்படியில் தண்ணீர் பிடிக்கப் போனவள், அன்றைக்கு அங்கே மற்றப் பெண்கள் சிரித்த சிரிப்பை இன்றுவரை மறக்கவில்லை. இது போதாதென்று, ஆறு வருஷத்துக்கு முன்னால் எதிர் லயத்தில் ஒரு காம்பராவில் வயர் பற்றி, கூரை வழியே ஓடி, பத்துக் காம்பராவும் ஒன்றரை மணித்தியாலத்தில் போயிற்று. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, சாமி புண்ணியம். அன்றிலிருந்து கோகிலாவுக்கு ஒரே ஆசைதான். எங்கள் மகள் ஷாமிளா கல்யாணம் கட்டினால், முதல் மூன்று நாளாவது யாரோடும் சுவர் பங்கு போடாத ஓரிடத்தில் அவளும் மாப்பிள்ளையும் இருக்க வேண்டும். கேரவனைத் துடைக்கும்போதெல்லாம் அதனிடமே இதைச் சொல்லிக்கொண்டிருப்பாள். றிஸாத் சேர் காதில் விழுந்து, அவர் பெரிய மனது பண்ணி, கல்யாணப் பரிசாக மூன்று நாள் கேரவன் உங்கள் பிள்ளைக்குத்தான் என்று சொல்லிவிட்டார். அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் தோட்டம் முழுக்கச் செய்தி போய்விட்டது. லயத்துக்கு லயம் நடந்து போய்ச் சொன்னவள் யாரென்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது என் தப்புக்கு வருகிறேன். ஆயுத பூஜைக்கு எங்களிடம் எதுவும் தப்பாது. பால் வெட்டுகிற கத்திக்குப் பொட்டு, வாளிக்குப் பொட்டு, படகுக்குப் பொட்டு, துடுப்புக்குப் பொட்டு. கேரவன் வந்த வருஷம் அதற்கும் சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு போனால், எங்கே வைப்பது என்று தெரியவில்லை. லொறிக்கு மூஞ்சி இருக்கிறது, பஸ்ஸுக்கு இருக்கிறது. கேரவனுக்கு எஞ்சினும் இல்லை, லைட்டும் இல்லை, முன்பக்கம் மொட்டை. நெற்றி எது என்று பூசாரியிலிருந்து சமையல்காரர் வரைக்கும் அரை மணி நேரம் வாதாடினார்கள். கடைசியில் நான்தான் தீர்த்து வைத்தேன். வாசற்கதவுக்குப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்தில் ஒரு ஸ்டிக்கர் இருந்தது, அதில் இங்கிலீஸும் நீளமான நம்பரும். பேரும் நம்பரும் எங்கே இருக்கிறதோ அதுதான் முகம் என்றேன். எல்லாரும் தலையாட்டினார்கள். கோகிலா மட்டும் எழுத்தை மறைக்காதீங்க என்றாள். பொம்பிளைப் பேச்சென்று தள்ளிவிட்டேன். கித்துல்கலை மழை ஒரே வாரத்தில் சந்தனத்தைக் கழுவிவிட்டதும், அடுத்த வருஷம் அதில் ரப்பர் பாலைக் கலந்து பூசினேன். என்ன அருமையாகப் பிடித்துக்கொண்டது தெரியுமா! அதற்குப் பிறகு வருஷத்துக்கு ஒரு பூச்சு. பொட்டு ஒரு பணியாரத்தின் கனத்துக்கு வந்துவிட்டது.

கல்யாணத்தன்று காலையில் மாரியம்மன் கோயில் வாசலில் நான் பட்டுச் சால்வையோடு நிற்கிறேன். உள்ளே தவில் முழங்குகிறது. றிஸாத் சேர் எனக்குப் போன் எடுத்தார். ஒரு காதைப் பொத்திக்கொண்டு கேட்டேன். கேரவன் செய்த வெளிநாட்டுக் கம்பெனி உலகம் பூராவும் அறிவித்தல் கொடுத்திருக்கிறதாம். குறிப்பிட்ட சில கேரவன்களில், ஃப்ரிஜ்ஜுக்குப் பின்னால் வயர் சேருகிற இடத்தை ஃபக்டரியில் சரியாக முறுக்கவில்லையாம். சூடேறித் தீப்பிடிக்கலாமாம். கம்பெனியே இலவசமாகப் பழுது பார்த்துத் தரும், அதுவரைக்கும் கரண்ட் கொடுக்கக் கூடாது. நம்பரைப் பார்த்துச் சொல்லுங்கள், நம்முடையது அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளலாம் என்றார். நான் சரிங்க சேர், பார்த்துடறேன் சேர் என்று போனை வைத்துவிட்டேன். வைத்துவிட்டு யாரிடமும் மூச்சு விடவில்லை. நாலு வருஷமாக நானே கரண்ட் கொடுத்து, நானே பார்த்துவருகிற கேரவன், ஒரு நாள் ஒரு பொறி பறந்ததில்லை. எங்கேயோ இருக்கிற கம்பெனிக்காரனுக்கு என்னைவிடத் தெரியுமா என்ற திமிர்தான். செய்தது தப்பு. அன்றைக்கு அது தப்பாகத் தெரியவில்லை.

மூன்று மணிக்கு மாப்பிள்ளை பெண் ஊர்வலம் தோட்டத்திலிருந்து கேம்ப்புக்கு இறங்கியது. மாப்பிள்ளை கஜேந்திரனுக்கு இரத்தினபுரியில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் டிரைவர் வேலை, அமைதியான ஆள். முன்னால் தப்பு மேளம் அடிக்கிற தப்புக்காரர்கள், பின்னால் சனம், அதற்குப் பின்னால் வேடிக்கை பார்க்க வந்த படகுக்காரச் சிங்களப் பையன்கள். கேரவனுக்கு மாவிலைத் தோரணம் கட்டி, உள்ளே ஏசியைக் குளிரக் குளிர ஓடவிட்டு வைத்திருந்தேன். கோகிலா ஆலத்தித் தட்டோடு படியில் நின்றாள். அப்போது அவள் இடுப்பில் செருகியிருந்த போன் கிர்ரென்றது. நான் பதில் சொல்லவில்லை என்று றிஸாத் சேர் அறிவித்தலை அவளுக்கும் அனுப்பிவிட்டார். அவளுக்கு இங்கிலீஸ் வாசிக்க வராது. ஆனால் அதில் ஒரு நெருப்புப் படம் போட்டிருந்தது, அது போதாதா! ஆலத்தித் தட்டை என் கையில் திணித்துவிட்டு, போனை மணப்பெண்ணிடம் நீட்டினாள். ஷாமிளா தோட்டத்துப் பாலர் பாடசாலை டீச்சர். கழுத்தில் மாலை, நெற்றியில் சுட்டி, கையில் மருதாணி. அந்தக் கோலத்தில் நின்று, ஃப்ரிஜ், வயர், தீ என்று வரிவரியாக வாசித்துத் தமிழில் சொன்னாள். தப்புக்காரர்கள் தாமாகவே நிறுத்திவிட்டார்கள்.

கோகிலா முதலில் செய்தது தட்டில் எரிந்த கற்பூரத்தை ஊதி அணைத்தது. இரண்டாவது, உள்ளே போய் எல்லாச் சுவிட்சையும் அமர்த்தியது. மூன்றாவது, என்னைப் பார்த்தது. சேர் காலையிலேயே சொன்னாரா என்று கேட்டாள். நான் தவில் சத்தத்தில் சரியாக விளங்கவில்லை என்றேன். அதையும் அவள் நம்பவில்லை. பட்டியலில் எந்த நம்பர் என்று மகளிடம் கேட்டாள். கடைசி ஆறு இலக்கம், 004310லிருந்து 004385 வரைக்கும் என்றாள் ஷாமிளா. நம்பர் எங்கே என்று யாரோ கேட்டார்கள். எல்லாரும் கதவுப் பக்கத்துப் பொட்டைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள்.

நான் வீரனாட்டம் போய் பொட்டின் விளிம்பைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தேன். ரப்பர்தானே, ஒரு துண்டு உரிந்துவந்தது. கூடவே ஸ்டிக்கரின் முதல் நாலு எழுத்தும் என் கையோடு வந்துவிட்டன. கோகிலா என் கையில் ஓர் அடி வைத்தாள். சனம் சிரித்தது. பட்டுச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவளே மண்டியிட்டாள். பால்மரத்துப் பட்டையில் ஒட்டியிருக்கிற காய்ந்த பாலை மரம் காயம்படாமல் உரிக்கத் தெரிந்த கை. சமையலறையிலிருந்து தேங்காயெண்ணெய் வரவழைத்து, தொட்டுத் தொட்டு, கட்டைவிரலால் சுருட்டிச் சுருட்டி எடுத்தாள். வருஷம் வருஷமாகப் பொட்டு உதிர்ந்தது. சந்தனம், குங்குமம், மறுபடி சந்தனம்.

முதல் சைபர் தெரிந்தது. ஷாமிளா சத்தமாக வாசித்தாள். இரண்டாவது சைபர். மூன்றாவது இலக்கம் வந்தபோது படகுப் பையன்கள் ‘ஹதரய்!’ என்று கத்த, எங்கள் ஆட்கள் ‘நாலு!’ என்று கத்த, தப்புக்காரன் ஒரு அடி அடித்தான். லொத்தர் சீட்டிழுப்புக் கெட்டது. அடுத்தது மூன்று. இதற்குள் கல்யாணச் சனம் இரண்டு கட்சியாகிவிட்டது. சைபர் வந்தால் தப்பித்தோம், ஒன்பது வந்தாலும் தப்பித்தோம் என்று என் கட்சி. ஐந்தாவது இலக்கம் எட்டு. எல்லாரும் ஒரு நிமிஷம் கணக்குப் பார்த்தார்கள். கடைசி இலக்கம் ஆறோ அதற்கு மேலோ என்றால் பிழைத்தோம். கோகிலா கீழேயிருந்து உரித்துக்கொண்டு வந்தாள். உருண்டையாக ஒரு வயிறு தெரிந்தது. ஆறுதான், ஆறுதான் என்று நான் துள்ளினேன். மாப்பிள்ளையின் சித்தப்பா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். படகுப் பையன்களும் ‘ஹயய், ஹயய்’ என்று ஆறுக்காகக் குதித்தார்கள். கோகிலா மட்டும் நிமிரவில்லை. மேல்பக்கத்தில் இன்னும் ஒரு சுருள் எடுத்தாள். தட்டையான ஒரு தலைக்கோடு வந்தது. ஐந்து.

004385. பட்டியலிலேயே கடைசி நம்பர்.

நான் விடவில்லை. கடைசி நம்பர் என்றால் என்ன அர்த்தம், கூட்டத்தோடு கூட்டமாகச் சும்மா சேர்த்திருப்பான், முதல் நம்பர்க்காரனுக்குத்தான் ஆபத்து என்று சொல்லிப்பார்த்தேன். சித்தப்பா ஆமாம் என்றார். இத்தனை சனம் வந்து நிற்கிறதே, எல்லாருக்கும் சொல்லியாயிற்றே என்றேன். ஃப்ரிஜ்ஜை மட்டும் அமர்த்திவிட்டு ஏசியை ஓடவிடுவோம் என்றேன். கோகிலா எழுந்து சேலையைத் தட்டிவிட்டாள். கண் கலங்கியிருந்தது. எத்தனை நாள் ஆசை அது, எனக்குத் தெரியாதா?

“எதிர் லயத்துல பத்தாவது காம்பராவுல புடிச்ச நெருப்பு, மொத காம்பராவ விட்டுச்சாங்க?” என்றாள். “ஊரு சிரிச்சா சிரிக்கட்டும். என் புள்ளய இதுக்குள்ள விட்டுட்டு நான் எப்புடி கண்ண மூடுவேன்?”

அந்த நேரத்தில் ஷாமிளா அம்மாவின் எண்ணெய்க் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அம்மா, கரண்ட் குடுக்கக் கூடாதுன்னுதானே போட்டிருக்கு? உள்ள இருக்கக் கூடாதுன்னு போடலயே. கரண்ட் இல்லாட்டி என்னாம்மா, சுவரு நாலும் அப்புடியேதானே இருக்கு?”

மாப்பிள்ளை அன்றைக்கு முதல்முறையாக வாய் திறந்து, எனக்கு ஏசி ஒத்துக்காதுங்க அத்தே என்றார். அந்த ஒரு பொய்க்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

கோகிலா முகம் மெல்ல மலர்ந்தது. றிஸாத் சேருக்குப் போன் போட்டு ஒரு தரத்துக்கு இரண்டு தரம் கேட்டாள். கரண்ட் வயரைக் கழற்றி, பெற்றரியையும் காஸையும் வெளியே எடுத்துவிட்டால் அது வெறும் அறைதான், தாராளமாக இருக்கலாம் என்றார் அவர். பிறகு நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வயரைக் கேரவனிலிருந்து பிடுங்கினாள். பெற்றரியைக் கழற்றச் சொல்லி, இரண்டு பேரைத் தூக்கவிட்டுச் சமையலறைக்கு அனுப்பினாள். காஸ் சிலிண்டர் போயிற்று. ஊதுவத்திக் கட்டுப் போயிற்று. மாப்பிள்ளையின் சட்டைப்பையைத் தடவி ஒரு லைட்டரை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அவர் சிகரெட் குடிப்பது அப்போதுதான் எங்களுக்கும் தெரியும், ஷாமிளாவுக்கும் தெரியும். இவ்வளவும் ஆன பிறகும் அவளுக்கு நிம்மதியில்லை. கரண்ட் தூணைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “இவரு சும்மா இருக்க மாட்டாரு. புள்ளைங்களுக்கு வேர்க்குதேன்னு போயி சொருகிடுவாரு” என்று சபையிலேயே சொன்னாள். சொருகத்தான் நினைத்திருந்தேன்.

சக்கரம் என்று ஒன்று இருப்பது அப்போதுதான் எல்லாருக்கும் ஞாபகம் வந்தது. நாலு வருஷமாக உருளாத சக்கரம். சைக்கிள் பம்பால் மாற்றி மாற்றிக் காற்றடித்தார்கள். முட்டுக்கொடுத்த கட்டைகளை உருவினார்கள். கோகிலா தூணில் இருந்த வயரின் நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு, அது எட்டுகிற மட்டும் விறைக்க இழுத்து நின்றாள். கேரவன் அந்த இடத்தையும் தாண்டிப் போக வேண்டும் என்பது உத்தரவு. தப்பு முழங்கியது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாப்பிள்ளை ஒரு பக்கம், சித்தப்பா ஒரு பக்கம், படகுப் பையன்கள் ‘எக்காய், தெகாய்’ என்று எண்ணிக்கொண்டு பின்னால். தோரணம் ஆட, உள்ளே பாத்திரம் உருள, கேரவன் ஒரு முனகல் முனகிவிட்டு நகர்ந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். ஷாமிளா மாலையோடு முன்னால் ஓடி ஓடி, இடது பக்கம், வலது பக்கம் என்று கை காட்டினாள். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. தள்ளுகிறேன் என்ற பேரில் கேரவன் மேல் சாய்ந்துகொண்டு சிரித்தேன். வயர் முடிந்த இடத்தைத் தாண்டியது. போதும் என்றேன். “இன்னம் பத்தடி” என்றாள் கோகிலா. ஆற்று வளைவில், பலா மரத்தடியில் போய் நின்றது.

வலது காலை வைத்து இரண்டு பேரும் ஏறினார்கள். ஆலத்தி எடுத்தாள், கற்பூரம் இல்லாமல், மஞ்சள் தண்ணீரோடு மட்டும். ஜன்னல் எல்லாம் திறந்துவிட்டதில் ஆற்றுக் காற்று உள்ளே புகுந்து வெளியே வந்தது. இரண்டு டோர்ச் லைட்டையும் ஒரு வாளித் தண்ணீரையும் படியில் வைத்தாள். வாளி கால் கழுவவா அணைக்கவா என்று கேட்டேன். வாளியைக் கதவுக்கு இன்னும் கிட்ட நகர்த்தினாள். மூன்று நாளும் வயரைச் சுருட்டி எங்கள் காம்பராவில் கட்டிலுக்கடியில் வைத்திருந்தாள். கல்யாணத்துக்கு வந்த சனம் இன்றுவரைக்கும் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவதில்லை, கேரவன் தள்ளினதைப் பற்றித்தான் பேசுகிறது. நான் போகிற இடமெல்லாம் அதை என் யோசனை மாதிரியே சொல்லித் திரிந்தேன்.

பத்து வாரம் கழித்துக் கம்பெனி அனுப்பிய சாமானோடு கொழும்பிலிருந்து மெக்கானிக் ஆதிப் வந்தார். நான் பக்கத்தில் நின்று, இதெல்லாம் கம்பெனிக்காரனுடைய வீண் பயம் தம்பி, நாலு வருஷம் என் கையில் இருந்த கேரவன் என்று பெருமை அடித்துக்கொண்டிருந்தேன். அவர் ஃப்ரிஜ்ஜை முன்னால் இழுத்தார். என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். வயரின் தோல் உருகி வழிந்திருந்தது. பின்னாலிருந்த பலகை ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குக் கரியாகிக் கிடந்தது. கடைசியாக எப்போது கரண்ட் கொடுத்தது என்று கேட்டார். கல்யாணத்தன்று ஏசி போட்டதுதான் கடைசி என்றேன்.

“இன்னொரு ராத்திரி ஓடியிருந்தா போதும் அங்கிள்” என்றார் அவர். “ஃப்ரிஜ் வாசக்கதவோரமாத்தான் இருக்கு. உள்ள இருக்கிறவங்க வெளிய வர வழி இருந்திருக்காது.”

நான் தோட்டத்து மேட்டில் எப்படி ஏறி வந்தேன் என்று எனக்குத் தெரியாது. கோகிலா வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கோயில் வாசலில் வந்த போனை மறைத்ததைச் சொன்னேன். உருகின வயரைச் சொன்னேன், கதவோரத்தைச் சொன்னேன். நான் சொன்னபடி விட்டிருந்தால் என்று தொடங்கி, அதை முடிக்க முடியாமல் அழுதேன். இருபத்து நாலு வருஷத்தில் அவள் முன்னால் நான் அழுதது அதுதான் முதல் தடவை. அவள் திட்டுவாள் என்று பார்த்தேன். முறத்தைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள்.

“இத ஷாமிளாகிட்ட சொல்லிடாதீங்க” என்றாள். “இப்பதான் போன் எடுத்தா. முழுகாம இருக்காளாம். ரெண்டு மாசமாம்.”

நான் அழுகையும் சிரிப்புமாக, கல்யாண நாளிலிருந்து வாரத்தை விரல்விட்டு எண்ணத் தொடங்கினேன். நாலாவது விரலில் கோகிலா என் கையைப் பிடித்து மடக்கிவிட்டாள்.

“தகப்பன் எண்ணுற கணக்கா இது?” என்றாள்.